பொல்லைக் கீழே வைத்த அப்பா

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் அவருடைய குறை எதையும் எழுத வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார். மூத்த மகள் என்ற உரிமையில் ஒரேயொரு குறையை எழுதத்தான் போகிறேன். அதை விட்டுவிட்டால் அவருடைய பெருமையைச் சொல்ல முடியாது.

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர் அப்பா. தன் தகப்பனாரை இளமையிலேயே இழந்ததால் படிப்பை இடையில் நிறுத்தி, துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து, தம்பி தங்கையரைக் கரைசேர்த்தார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் மறியற்சாலையில், அதாவது சிறையில், காவலராக அரசாங்க வேலை கிடைத்தது. "மறியல்காரருக்குக் காவல் நிக்கிறவனுக்கோ பொம்பிளை குடுக்கிறியள்?" என்று அம்மாவின் வீட்டாரிடம் கேட்ட உறவினர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்த மலர் கிடைக்கும். வாசிக்கட்டும்.

இனி அந்தக் குறை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சாப்பாட்டு வரிசையில் தள்ளுமுள்ளு வந்தபோது, பதற்றத்தில் அப்பா தன் காவல் தடியான பொல்லால் மறியல்காரர் ஒருவருக்கு அடித்துவிட்டார். அடிபட்டவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. மேலிடம் அப்பாவைப் பாராட்டியது. ஆனால் அந்த மனிதர் குனிந்த தலையோடு ஒரு மாதம் இடக்கையால் சோறு தின்றதை அப்பா தினமும் பார்த்தார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அந்தப் பொல்லு எவர் மேலும் படவில்லை. இடுப்பில் சும்மா தொங்கியது. "உந்தப் பொல்லை என்னட்டைத் தந்தால் முருங்கைக்காயாவது தட்டுவன்" என்று அம்மா பகிடி பண்ணுவா.

அடுத்ததை எங்களுக்குச் சொன்னவர், அப்பாவுடன் வேலை செய்த மானிப்பாய் மாமா. அப்பா தன் வாயால் சொன்னதில்லை.

ஓர் ஆடி அமாவாசை. தகப்பனை இழந்த ஆண்கள் விரதமிருந்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, மதியத்துக்குப் பிறகே கசப்பான காத்தோட்டிக்காய்க் கறியோடு சாப்பிடும் நாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லை வேலிச் சண்டையில் மறியலுக்கு வந்த சுன்னாகத்துக்காரர் ஒருவருக்கு விடுதலைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று அவர் சாப்பாட்டுத் தட்டை வாங்க மறுத்தார். காரணம் கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. மறியலுக்குள் நின்றுகொண்டு தகப்பன் பேரை எடுக்க அவருக்கு வெட்கம். புதிதாக வந்த மேலதிகாரி கொழும்பில் வளர்ந்தவர். அமாவாசை எது, பறுவம் எது என்று அறியாதவர். அதற்கு முந்தின கிழமைதான் அரிசி சரியில்லை என்று சிலர் சாப்பிட மறுத்திருந்தார்கள். இதுவும் அந்த வீம்புதான் என்று நினைத்து, வாயில் திணிக்கச் சொன்னார். திணித்த சோற்றில் மீன் குழம்பு. அந்த மனிதர் துப்பிவிட்டு, உதறிக்கொண்டு ஓடி, தோட்டத்தில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் நின்றார்.

காவலர்கள் பொல்லுகளோடு சூழ்ந்தார்கள். "அடிச்சு விழுத்துங்கோ!" என்றார் அதிகாரி. மண்வெட்டி ஒருமுறை வீசப்பட்டிருந்தால் பன்னிரண்டு நாள் பல வருடமாகியிருக்கும். ஓர் உயிரும் போயிருக்கலாம்.

அப்பா மற்றவர்களைப் பின்னுக்குப் போகச் சொன்னார். பொல்லைக் கழற்றி நிலத்தில் வைத்தார். தொப்பியையும் வைத்தார். பிறகு, மண்வெட்டி எட்டும் தூரத்தில் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "தம்பி, உமக்கு அப்பா இல்லையோ?"

மண்வெட்டி ஓங்கியபடியே நின்றது. அப்பா தொடர்ந்தார்:

"எனக்கும் இல்லை. நானும் இண்டைக்கு விரதம். விடியத் தொடக்கம் தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை."

மண்வெட்டி கொஞ்சம் தாழ்ந்தது. "என்ரை விரதம் முறிஞ்சு போச்சண்ணை. வாயிலை மீனை வைச்சிட்டாங்கள்" என்று அவர் விம்மினார்.

"நீர் சாப்பிடேல்லை. அவங்கள் பலவந்தமாய்த் தீத்தினவங்கள். அந்தப் பழி உமக்கில்லை. உதைக் கீழை வையும். நான் தண்ணி அள்ளி ஊத்திறன், முழுகும். ரண்டுபேருமாச் சேர்ந்து எள்ளுத்தண்ணி இறைப்பம்."

மண்வெட்டி நிலத்துக்கு வந்தது. மானிப்பாய் மாமாதான் சமையற்கட்டுக்கு ஓடிப்போய் எள்ளு வாங்கி வந்தாராம்.

உத்தரவை மீறியதற்கு அப்பாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். பதவி உயர்வு நாலு வருடம் தள்ளிப்போனது. அம்மா கோபத்தில் இரண்டு நாள் கதைக்கவில்லை. அப்பா தன்பாட்டில் வேலைக்குப் போய்வந்தார். அவருடைய மகள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குள்ள பெருமையை அடக்கி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஓய்வுக்குப் பின் தோட்டமும் கோயிலுமாக இருந்தவரை இருதய நோய் இரண்டு கிழமையில் கொண்டுபோய்விட்டது. வைத்தியம் பார்த்தவர்களுக்கும், இரவு பகலாகத் துணைநின்ற அயலவருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். விடுதலையான நாள் முதல், ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் முதல்நாள் எங்கள் வாசல் படலையில் ஒரு பை காத்தோட்டிக்காயைக் கொழுவித் தொங்கவிட்டுப் போனவர் அந்தச் சுன்னாகத்துக்காரர். அப்பாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று வீட்டுக்குள் வந்து, என் தம்பியின் முன்னால் நின்றார்.

"தம்பி, வாற ஆடி அமாவாசைக்கும் காத்தோட்டிக்காய் கொண்டு வருவன். இனி அது உமக்கு."

சுடலையிலும் அழாத தம்பி அப்போதுதான் நிலத்தில் குந்தியிருந்து அழுதான். அவர் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.