ஓட்டத்துக்குக் கிடைத்த வெள்ளி

எங்கள் வீட்டு மாடுகளோடு ஓடி ஜெயித்தவன் என் அண்ணன். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்கு மேற்கே, பனைமரமும் கடலைக்காட்டுச் செம்மண்ணுமாக இருக்கும். அண்ணன் டவுனில் அத்தை வீட்டில் தங்கி ஹைஸ்கூலில் படித்தான். வெள்ளிக்கிழமைகளில் அப்பா டவுனுக்கு மூட்டை கொண்டுபோய் இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். சில நாள் நானும் போவேன். எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. ஊர் நெருங்கியதும் அண்ணன் வண்டியிலிருந்து குதித்துப் பின்தங்கி நின்றுகொள்வான். நான் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, "அண்ணா, புடி பாக்கலாம்" என்று கூவுவேன். அப்பா மாட்டை முடுக்குவார். வாய்க்கால் மதகு வருவதற்குள் அவன் கை பின்பலகையில் வந்து விழும். ஒருநாள்கூட விழாமல் இருந்ததில்லை.

எங்கள் ஊரில் அதுவரை யாரும் ஹைஸ்கூல் வாசலைத் தாண்டியதில்லை. கடைசிப் பரீட்சையை இவன் எழுதித் தேறிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்குப் படிப்பில் அத்தனை நம்பிக்கை கிடையாது. அம்மாவின் வாய்க்குப் பயந்துதான் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் அண்ணன் மூன்று பரிசு வாங்கினான். கணக்குக்கு ஒரு புத்தகம், இங்கிலீஷுக்கு ஒரு புத்தகம், ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் காது இருந்தது, அடியில் ஒரு பீடமும் இருந்தது. கோர்ட்டு முன்சீப்பு கையால் வாங்கினான் என்று அத்தை வந்து சொன்னாள். படிப்புக்குக் காகிதம், ஓட்டத்துக்கு வெள்ளி என்றால் எது உசத்தி என்பதை அப்பா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். புத்தகங்கள் பரண்மேல் போயின. கிண்ணத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து விளக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வந்தவர் போனவருக்கெல்லாம் அதில்தான் மோர்.

சித்தப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, ஓடறதுக்கு ஒரு பள்ளிக்கூடமுங்களா? நம்மூட்டு நாயுந்தான் ஓடுது."

"அப்பிடியா? உன்ற நாயக் கொண்டுபோயி முன்சீப்பு முன்னால ஓடவுடு. கிண்ணங் குடுக்கறாங்களா பாக்கலாம்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த நேரம் பார்த்து அண்ணன் மெதுவாகச் சொன்னான். "அது நமக்கே இல்லீங்கப்பா. ஒரு வருசத்துக்குத்தான். அடுத்த பந்தயத்துக்குத் திருப்பிக் குடுக்கோணும்."

அப்பா அதையும் சித்தப்பாவின் நாயைப் போலவே எடுத்துக்கொண்டார். "மால போட்டு, சபையில கை தட்டிக் குடுத்ததை எவன்டா திருப்பிக் கேப்பான்? குடுத்ததைக் கேக்கறவன் மனுசனா?"

நாலு பேர் முன்னால் அப்பாவை எதிர்த்துப் பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அண்ணன் அதோடு நிறுத்திக்கொண்டான். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கிண்ணத்தின் வயிற்றைக் காட்டினான். சின்னச் சின்ன இங்கிலீஷ் எழுத்தாக வரிவரியாய்ச் செதுக்கியிருந்தது. வருடா வருடம் ஜெயித்தவர்களின் பெயராம். கடைசி வரியில் என் விரலைப் பிடித்து வைத்து, "இது நானு" என்றான். எழுத்து விரலில் சுரசுரவென்று பட்டது.

மாரியம்மன் நோம்பி வந்தது. கிண்ணம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு மனதில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அண்ணன் முதன்முதலாகக் கொண்டுவந்த வெள்ளி கூடப் பிறந்தவளுக்குத்தான் சேர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. தட்டாரை வீட்டுக்கே வரவழைத்தார். துருத்தியும் ஊதுகுழலுமாக வாசலில் உட்கார்ந்த தட்டார் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து இருக்குதுங்களே" என்று இழுத்தார்.

"இருக்கட்டும். உருக்குனா எழுத்து எங்க போயிரும்? வெள்ளிக்குள்ளதான கெடக்கும்" என்றார் அப்பா.

அம்மா மட்டும், "பையன் வரட்டுமே" என்றாள். நோம்பிக்குள் வேலை முடிய வேண்டும், அதுவரை காத்திருக்க முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அடுப்பில் வைத்த கிண்ணத்தின் ஒரு காது முதலில் சாய்ந்தது. பிறகு எல்லாம் ஒரு துளிச் சூரியனைப் போலத் திரண்டு நின்றது. நான் கைதட்டினேன்.

எனக்கு ஒரு ஜோடித் தண்டை வந்தது. உள்ளே பரல் போட்டது. நடந்தால் தெரு முழுக்கக் கேட்கும். எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணின் காலிலும் அப்படி ஒரு தண்டை கிடையாது. அதை நான் யாரையும் மறக்கவிடவும் இல்லை.

நோம்பிக்கு வந்த அண்ணன் முன்னால் போய்க் குதித்துக் காட்டினேன். "ஏது பாப்பா?" என்றான். "நீ ஜெயிச்ச வெள்ளிதாண்ணா" என்றேன். அவன் விளக்குப் பக்கம் பார்த்தான். பிறகு கீழே உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்து, தண்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வேலைப்பாட்டைப் பார்க்கிறான் என்று நினைத்து நான் மற்ற காலையும் நீட்டினேன்.

அப்பாவிடம் அவன் கேட்டது ஒன்றுதான். "பள்ளிக்கூடத்துல கேட்டா என்ன சொல்றதுங்கப்பா?"

"கேட்டா என்னையக் கூப்புடு. நான் வந்து பேசறேன்."

தை பிறந்ததும் கேட்டார்கள். பந்தயம் வருகிறது, கிண்ணத்தைத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டதாக அண்ணன் வந்து சொன்னான். அப்பா சொன்ன சொல் தவறாதவர். திங்கட்கிழமை விடியலில் வண்டி பூட்டினார். என்னைக் குளிப்பாட்டி, நோம்பிப் பாவாடை கட்டி, தண்டையைப் புளி போட்டுத் துலக்கிக் காலில் மாட்டி வண்டியில் உட்கார வைத்தார்கள்.

அவ்வளவு நீளமான தாழ்வாரத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நடந்தால் தண்டைச் சத்தம் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. இன்னும் நன்றாக வரட்டும் என்று ஓங்கி ஓங்கி மிதித்து நடந்தேன். வகுப்புகளிலிருந்து பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஹெட்மாஸ்டர் பாலக்காட்டு அக்ரகாரத்துக்காரர். தமிழ்தான் பேசினார், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. அவர் மேஜையில் வேறு கிண்ணங்கள் வரிசையாக இருந்தன, நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. "கப்பு கொண்டுவந்தேளா?" என்றார்.

"கொண்டாந்திருக்கறனுங்க" என்று அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நடந்து காட்டு கண்ணு."

நான் நடந்து காட்டினேன்.

ஹெட்மாஸ்டர் என் காலையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உருக்கியாச்சா?"

"ஆமாங்க. சொக்க வெள்ளிங்க. தட்டான் ஒரு குண்டுமணி எடுக்கலீங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தனுங்க. வெள்ளி எங்கயும் போகலீங்க."

ஜன்னலுக்கு வெளியே நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிறுத்தாமல் இங்கிலீஷில் பதில் சொன்னான். அவன் இங்கிலீஷ் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவ்வளவு அழகாக இருந்தது. அப்பாவின் முகத்திலும் அப்போதுதான் முதல்முறையாகப் படிப்பின்மேல் ஒரு மரியாதை வந்ததைப் பார்த்தேன்.

அவன் என்ன சொன்னான் என்று இந்த வயது வரையில் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "குழந்தை கால்லேர்ந்து கழட்ட வேண்டாம். நாங்க வேற பார்த்துக்கறோம்" என்றார். அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "பாத்தியா? கேக்க மாட்டாங்கன்னு சொன்னனா இல்லையா?" என்று அண்ணன் முதுகில் தட்டினார்.

அண்ணன் அத்தை வீட்டுக்குப் போய்த் தன் தகரப் பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில் வைத்தான். பள்ளிக்கூடம் லீவா என்று அப்பா கேட்டார். அவன் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பரீட்சைக்கு அதிகம் நாள் இருக்கவில்லை. அவன் திரும்பிப் போகவில்லை. அம்மா அழுதும் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். அப்பா, "அங்க யாராச்சும் ஒண்ணு சொன்னாங்களா? சொல்லு, நான் வந்து பேசறேன்" என்றார். சித்திரையில் மாமா ஒருவரோடு இடுக்கி மலைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் விடியலில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பிரட்டு வேலையில் சேர்ந்தான். மழையிலும் அட்டைக்கடியிலும் அங்கேயே அவன் காலம் போயிற்று. ஊருக்கு எப்போதாவது வருவான். அவன் ஓடி நான் பிறகு பார்த்ததில்லை. பரண்மேல் இருந்த இரண்டு புத்தகங்கள் என்னோடு என் புருஷன் வீட்டுக்கு வந்தன. எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. அட்டையைத் துடைத்து வைப்பேன்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதில் எதுவும் தெரியாது. டவுனைத் தாண்டியதும் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கிப் பின்னால் நடந்துவந்தான். எங்கள் விளையாட்டுக்குத்தான் இறங்குகிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஊர் நெருங்கியதும் பின்பலகையில் உட்கார்ந்து, தண்டை குலுங்கக் காலை ஆட்டி, "அண்ணா, புடி பாக்கலாம்" என்று கூவினேன். அப்பா மாட்டை முடுக்கினார். அண்ணன் தலையைக் குனிந்தபடி நடந்துகொண்டே இருந்தான். இன்னும் பலமாகக் காலை ஆட்டினேன். மதகும் வந்து போய்விட்டது. செம்மண் புழுதியில் அவன் சின்னதாகிக்கொண்டே போனான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் நான்தான் முதலில் குதித்து ஓடி, அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்: "அம்மா, இன்னைக்கு அண்ணன் நம்ம மாட்டுக்குத் தோத்துட்டான்."