மூன்றாம் வகுப்பின் தண்ணீர்ப் பாடம்

போன வாரம் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கி, கம்பளிகளை வெயிலில் போடலாம் என்று மூடியைத் திறந்தேன். பாச்சா உருண்டையின் நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. அடுத்த அறையிலிருந்து என் கணவர் தும்மினார். எனக்கோ பசித்தது. சிரிக்காதீர்கள். அந்த நெடிக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் என் தலைக்குள் எப்போதோ ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. விவேக் நகரில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியில் நூலகராக இருந்த நாட்களில், பாச்சா உருண்டை போட்ட இரும்பு பீரோக்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிடுவேன்.

நூலகர் என்பது கொஞ்சம் பெரிய சொல். முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்திருந்த அறை அது. நான் சேர்ந்தபோதும் காற்றுப் போன கால்பந்து ஒன்று மூலையில் இருந்தது; என்னைவிடப் பழைய ஊழியர் என்ற மரியாதையில் அதை நான் அப்புறப்படுத்தவே இல்லை. கல்யாணம் முடிந்து திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்த புதிது. கணவர் விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்து பொம்மசந்திரா போய்விடுவார். நூலக அறிவியல் படித்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது. சேர்ந்தவுடன் எல்லாப் புத்தகங்களின் முதுகிலும் எண் எழுதி ஒட்டினேன். பிள்ளைகள் வந்து "பாம்பு புக் குடுங்க", "அந்த செவப்பு புக் குடுங்க" என்று கேட்டார்கள். அந்த எண்கள் கடைசிவரை என் ஒருத்திக்குத்தான் பயன்பட்டன. சில நாட்கள் எனக்கும் பயன்படவில்லை.

அந்தப் பள்ளியில் லைப்ரரி பீரியட் என்றால் வகுப்பு மிஸ் நோட்டு திருத்தும் நேரம் என்று அர்த்தம். பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் காவல். இதற்காகவா படித்தோம் என்று தினமும் ஒரு தடவையாவது தோன்றும்.

அதை மாற்றியவள் மூன்றாம் வகுப்பு ஸ்டெல்லா மிஸ். என் வயதுதான் இருக்கும். விவேக் நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீடு சர்ச்சுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடர்ந்து இங்கிலீஷில் முடிப்பாள். ஒரு மதியம் நான் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், எறும்பு பத்தி ஏதாவது புக் இருக்கா? பாடத்துல ஆறு காலுன்னு போட்டிருக்கு. பசங்க எட்டுன்னு அடம் பிடிக்கிறாங்க."

இருந்தது. அன்றைய பீரியடில் அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். படத்தில் எண்ணிப் பார்த்தும் நம்பாதவர்கள் சிலர் இருந்தார்கள். எல்லோரையும் பின்பக்கச் சுவரருகே கூட்டிப்போனோம். எறும்பு நின்றால்தானே கால் எண்ண முடியும்? அதன் பின்னாலேயே குனிந்துகொண்டு ஒரு வகுப்பே நகர்ந்து போனது. திரும்பி வரும்போது ஆறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஸ்டெல்லா அன்றைக்கு நோட்டு திருத்தவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மதியங்கள் எங்களுடையவை ஆயின. அடுத்த வாரம் வகுப்பில் என்ன நடத்தப்போகிறாள் என்று ஸ்டெல்லா சொல்வாள். அதற்குத் தோதாக என்ன இருக்கிறது என்று சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு பீரோவில் தேடுவேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருப்பதை வைத்து ஒப்பேற்றுவோம். அளவுகள் பாடத்துக்கு ஒரு சமையல் புத்தகம். திசைகள் பாடத்துக்கு யாரோ விட்டுச் சென்ற பழைய ரோடு மேப். பிள்ளைகள் ஓசூர் ரோட்டில் விரலை வைத்து, அப்பாக்கள் வேலைக்குப் போகும் பொம்மசந்திராவைத் தாண்டி மாநில எல்லையான அத்திபெலே வரைக்கும் போய், இதுக்கப்புறம் எங்க மாமா ஊரு மிஸ் என்று கத்துவார்கள்.

ஸ்டெல்லா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். "நான் கிளாஸ்ல சொன்னதையே நீங்க திருப்பிச் சொல்லாதீங்க மிஸ். நான் சொல்லாம விட்டதை அவங்களைத் தேட வைங்க." அதனால் ஒவ்வொரு வாரமும் பாடத்திலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கதையைப் பாதிவரை படித்துவிட்டு அந்தக் கேள்வியைப் போடுவேன். இரண்டு இரண்டு பேராகப் புத்தகத்தில் தேட வேண்டும். புத்தகத்தில் இல்லையென்றால் வீட்டில் கேட்டு வரவேண்டும். கொண்டு வந்த பதிலோடு ஸ்டெல்லா மறுபடி பாடத்துக்குள் போவாள். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருஷம் மூன்றாம் வகுப்பு நூலக அறைக்கு ஓடிவந்தது. ஓடாதீர்கள் என்று சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் தண்ணீர்ப் பாடம் வந்தது. மழை, ஆறு, ஏரி, கிணறு என்று பாடப்புத்தகத்தில் நான்கு படங்கள் இருந்தன. எங்கள் கேள்வி சாதாரணமானது: உன் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அடுத்த வாரம் பதில்கள் வந்து குவிந்தன. காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வீட்டு ஓனரின் போர்வெல். தெருக்குழாய். நிறையப் பேருக்கு டேங்கர் லாரி. அந்த லாரி எங்கே ரொப்பிக்கொள்கிறது என்று யாரோ கேட்க, ரக்ஷிதா எழுந்து நின்றாள். அவள் அப்பாவுக்குத்தான் அந்த வட்டாரத்தில் ஓடிய தண்ணீர் லாரிகள் சொந்தம். ஏரிக்கரையில் எங்க போர்வெல் இருக்கு மிஸ், ரொம்ப ஆழம் என்று பெருமையாகச் சொன்னாள். கடைசி வரிசையிலிருந்து நந்தினி, அது போட்டதுக்கப்புறம்தான் எங்க சந்து போர்வெல் காஞ்சுபோச்சுன்னு எங்கப்பா சொல்றாரு என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. ரக்ஷிதாவும் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் சேர்ந்தே உட்கார்ந்து ஒரு பெரிய சார்ட்டில் எல்லோர் வீட்டையும் வரைந்தன. ரக்ஷிதா நீலக் கிரேயானைத் தேய்த்துத் தேய்த்து லாரி போட்டாள். நந்தினி தன் சந்தையும், துருப்பிடித்த குழாயோடு ஒரு போர்வெல்லையும் போட்டாள். மேலே தண்ணி, நீரு, பானி, வாட்டர் என்று தெரிந்த பாஷையிலெல்லாம் எழுதி நூலகச் சுவரில் ஒட்டினோம்.

பரீட்சை வந்தது. தண்ணீர் கிடைக்கும் இடங்கள் மூன்றை எழுதச் சொல்லி ஒரு கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் டேங்கர் லாரி என்று எழுதியிருந்தார்கள். ரக்ஷிதா மழை, ஏரி, எங்கப்பா என்று எழுதியிருந்தாள். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் முழு மார்க் போட்டாள்.

பெற்றோர் வந்து விடைத்தாளைப் பார்க்கும் நாள். ரக்ஷிதா தன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். அமைதியான மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சார்ட்டின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லாரிய நல்லா வரைஞ்சிருக்கா என் பொண்ணு. பக்கத்துல காஞ்சு கெடக்குதே போர்வெல்லு, அது யாரு போட்டது?"

எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து போட்டது என்றேன். அவர் தலையாட்டினார். நந்தினி தன் பெயரைச் சந்தின் மேலேயே எழுதி வைத்திருந்தாள்.

அந்த வாரம் நந்தினியின் சந்துக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. அவர்தான் நிறுத்தினார் என்று என்னால் சொல்ல முடியாது. வெயில் காலம், லாரி தாமதமாவதும் வராமல் போவதும் அப்போது எல்லாத் தெருவிலும் நடந்ததுதான். ஆனால் நந்தினியின் அம்மா வேலைக்குப் போகும் வழியில் வந்து என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மிஸ், அந்தப் படத்தை எடுத்துடுங்க. தெருவுல எல்லாரும் எங்களைத்தான் கேக்கறாங்க. புள்ள தெரியாம வரைஞ்சிடுச்சி."

தெரிந்துதான் வரைந்தாள், சரியாகத்தான் வரைந்தாள் என்று சொல்ல வாய் வந்தது. வீட்டில் காலிக் குடங்களை வைத்துக்கொண்டு நிற்பவரிடம் அதை எப்படிச் சொல்வது? அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சார்ட்டை இறக்கினேன். நான்கு மூலையிலும் சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. அந்தச் சந்துக்கு மறுபடி லாரி வந்தது என்று பின்னர் கேள்விப்பட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் உறுத்துகிறது.

ஹெச்.எம். மேடம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர். அந்தச் சின்னப் பள்ளியை இழுத்துப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தவர். மூன்றாம் வகுப்பு விடைத்தாள்கள் மேசைமேல் இருந்தன. பாடப்புத்தகத்தில் இல்லாத பதிலுக்கு மார்க் போட்டது தவறு, திருப்பித் திருத்துங்கள் என்றார். நூலகத்தில் கதை சொன்னால் போதும், ஊர் விவகாரம் வேண்டாம் என்று எனக்கும் சொன்னார். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நம் பள்ளித் தொட்டியை நிரப்புவதும் அதே மனிதரின் லாரிதான், இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். அவர் கண்ணில் உண்மையான பயம் இருந்தது.

"அப்போ அந்தக் கேள்விக்கு அதுதானே மேடம் மொதல் ஆன்சர்?" என்றாள் ஸ்டெல்லா. குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கும் அழுகை வந்துகொண்டிருந்தது. "நான் குடுத்த மார்க்கை நானே வெட்ட மாட்டேன். வேற யாராவது செய்யட்டும்."

வேறொருவர் செய்தார். சிவப்பு மையின்மேல் இன்னொரு சிவப்பு. ரக்ஷிதாவுக்கும் மார்க் போயிற்று. அவள் அப்பா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. தாள்கள் திரும்பி வந்த அன்று கடைசி பீரியட் நூலகம். யாரும் ஓடிவரவில்லை. நந்தினி தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகம் எடுத்துக்கொள் என்றேன். எடுக்கவில்லை.

"மிஸ், அப்போ எங்க வீட்டுல வர்றது தண்ணி இல்லையா?"

தண்ணிதான் கண்ணு என்றேன். அப்புறம் ஏன் தப்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கதைகளையும் மனசுக்குள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஏப்ரலில் ஸ்டெல்லாவுக்கு அடுத்த வருஷத்துக்கான வேலை உத்தரவு வரவில்லை. காரணம் என்று எதையும் யாரும் சொல்லவில்லை. கடைசி நாளில் அவளும் நானும் சர்ச் வரைக்கும் நடந்து போனோம். வழியில் அவள் வேறு பள்ளிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னால்தான் உனக்கு இப்படி ஆயிற்று என்று நான் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "நம்ம ரெண்டு பேரும்தானே மிஸ் ப்ளான் பண்ணோம்" என்றாள். சர்ச் வாசலில் ஆட்டோக்களுக்கு நடுவில் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு தன் சந்துக்குள் போனாள்.

ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் புது மிஸ் வந்தார். நல்ல பெண். முதல் வெள்ளிக்கிழமையே நான் போய், அடுத்த வாரம் என்ன நடத்தப்போகிறீர்கள் என்று கேட்டேன். "எதுக்கு மிஸ்?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். விளக்கத் தொடங்கினேன். அதற்குள் லைப்ரரி பீரியடில் இனி ஸ்பெல்லிங் பயிற்சி என்று ஹெச்.எம். அறையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். பலகையில் சொற்களை எழுதிப் போட்டேன். பிள்ளைகள் எழுதினார்கள்.

இன்னும் ஒரு வருஷம் அங்கே இருந்தேன். மகள் வயிற்றில் இருந்தபோது விட்டுவிட்டேன். பிறகு அந்த அறையில் பெரிய திரை ஒன்றை மாட்டியதாகவும், புத்தகங்களைச் சாக்கில் கட்டி எங்கோ கொடுத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். ஸ்டெல்லா ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். சில மாதங்கள் போனில் பேசினோம். இப்போது அந்த நம்பரை அழுத்தினால் வேறு யாரோ கன்னடத்தில் பேசுகிறார்கள். விவேக் நகர் சந்தில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது.

நான்காம் வகுப்புக்குப் போன அந்தப் பிள்ளைகளுக்கும் நான்தான் நூலகம் எடுத்தேன். ஆரம்பத்தில், பலகையில் சொல்லை எழுதித் திரும்பினால், யாராவது ஒருத்தர் இன்னிக்குக் கேள்வி இல்லையா மிஸ் என்பார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பேன். வாரா வாரம் கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை. எந்த வாரத்தோடு அது நின்றது என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.