சிதைந்த தமிழ் என்று நான் எழுதியது

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் தமிழ் படிப்பித்த காலத்தில், ஒரு மாணவியின் தாய் அவளுடைய கட்டுரைக் கொப்பியோடு என்னைத் தேடி வந்தார். மெலிந்தவர். பால் வெட்டிவிட்டு நேரே வந்ததால் விரல்களில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. பேசும்போதெல்லாம் அதை உரித்துக்கொண்டே இருந்தார். குரலில் மட்டும் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

அவருடைய மகள் கட்டுரையில் தண்ணீரை 'நீள்ளு' என்று எழுதியிருந்தாள். நான் அதைச் சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில் 'சிதைந்த தமிழ்' என்று குறித்திருந்தேன்.

"வெட்டினது சரிதான் சேர். தமிழ்ப் பாடத்துல தமிழ்தான் எழுதணும். ஆனா சிதைஞ்ச தமிழ்னு போட்டிருக்கீங்களே, அத எடுத்துருங்க. நாங்க வீட்டுல பேசுறது தெலுங்கு."

"தெலுங்குல கண்ண 'கன்னு'ங்கிறீங்க, கால 'காலு'ங்கிறீங்க. அதெல்லாம் தமிழ்லருந்து வந்ததுதானே?" என்றேன்.

"அக்காவும் தங்கச்சியும் ஒரே ஜாடையாத்தான் இருப்பாங்க. அதுக்காக அக்கா வயித்துலயா தங்கச்சி பொறந்தா? ரெண்டு பேருக்கும் அம்மா ஒண்ணு சேர்."

தமிழும் தெலுங்கும் ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்தவை என்று பயிற்சிக் கல்லூரியில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அந்தக் குறிப்பை வெட்டிவிட்டு, 'தெலுங்குச் சொல்' என்று எழுதினேன். அவர் நகரவில்லை.

"கையெழுத்தும் போடுங்க சேர். புள்ள வகுப்புல காட்டணும்."

போட்டேன். இதை எங்கே கற்றார் என்று கேட்பதற்குள், பால் நிறுக்க நேரமாகிறதென்று கொப்பியோடு படியிறங்கிவிட்டார். எங்கும் கற்றிருக்கமாட்டார் என்றே இப்போது நினைக்கிறேன். இரண்டு மொழியையும் தினமும் பேசுகிறவருக்கு, அவற்றின் உறவு காதில் கேட்டே தெரிந்திருக்கும்.