வாயால கூப்பிடணும்

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் சந்தனம் நீட்டுகிற பெண்ணைத் தாண்டி மாத்ருபூதம் ஓரடி வைக்கவில்லை. வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி வாசலிலேயே நிற்கிறார். பெண் வீட்டாரில் யாராவது அவர் முகத்தைப் பார்த்து 'வாங்க' என்று சொல்ல வேண்டும். பின்னால் வருகிற கூட்டம் முட்டுகிறது. மனிதருக்கு அதைப் பற்றி என்ன கவலை?

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். "பத்திரிகைங்கிறது வெறும் பேப்பருங்க. வாயால கூப்பிட்டாத்தான் கூப்பிட்டது" என்பார். தலையாட்டினால் செல்லாது, சிரித்தால் செல்லாது. மைத்துனர் வாய் நிறைய வெற்றிலையோடு 'உம்' என்றதற்காக, பந்தியில் உட்காராமல் வீடு திரும்பி, மனைவி ஜோதியை உப்புமா கிண்ட வைத்த புண்ணியவான்.

இப்பேர்ப்பட்டவருக்கு மகள் யாழினி தன் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். காதல் கல்யாணம், போனில் சொன்னால் திட்டுவாரே என்ற பயம். மனிதர் போகவேயில்லை. மருமகன் சித்தார்த்தனோடு அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு தடவை 'வாங்க' என்று சொல்லிவிட்டால் கோபம் மொத்தமும் அத்தோடு ரத்து என்பது அவருக்குத் தெரியாதா, என்ன!

போன சித்திரையில், உச்சி வெயிலில், மகளும் மருமகனும் அவருடைய திருவானைக்கோவில் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது என்றார் மாத்ருபூதம், தெருவைப் பார்த்து. உள்ளே ஃபேன் ஓடுகிறது என்றார். மருமகன் செருப்பைக் கழற்றப் போனான். யாழினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண்.

"இவரைக் கூப்பிடுங்கப்பா. இல்லேன்னா இப்படியே போயிடுறோம். இனிமே வரமாட்டோம்."

சொன்னால் செய்கிறவள் அவள். வாயைத் திறந்தார், பாழாய்ப்போன வீம்பு, 'வாங்க' மட்டும் வரவில்லை. சட்டென்று வெறுங்காலோடு வெளியே இறங்கினார். மருமகன் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவன் பக்கத்தில் போய், வீட்டைப் பார்த்து நின்றார்.

"ஜோதி, நாங்க மூணு பேரும் வாசல்ல நிக்கிறோம். வாங்கன்னு சொல்ல மாட்டியா?"

சிமெண்ட் தரை கொதித்தது. கால் மாற்றிக் கால் தூக்கியபடி, ஹெல்மெட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.