லிங்கர் அக்கா போட்ட ‘வீக்’

எங்கள் ஆபீசில் அவரை எல்லோரும் லிங்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். லிஃப்ட்டுக்கு புரோகிராம் எழுதும் கம்பெனி. எட்டுப் பேர் ஆளுக்கொரு ஃபைலாக எழுதுவோம். லிங்கர் என்ற மென்பொருள் அவற்றை ஒன்றாகக் கோக்கும். அது தகராறு பண்ணினால் அக்காவிடம் ஓடுவோம்.

“ஒவ்வொரு ஃபைலும் புரோகிராம் துண்டுகளோட பேர்ப் பட்டியல் ஒண்ணு வச்சிருக்குப்பா,” என்பார். “என்கிட்ட இருக்குறது இது, எனக்கு வேணுங்கிறது இதுன்னு. லிங்கர் பேருப் பொருத்தம் மட்டும்தான் பார்க்கும். குணப் பொருத்தம் பார்க்காது.”

ஒரே பேரை இரண்டு ஃபைல்கள் ‘என்கிட்ட இருக்கு’ என்றால் லிங்கர் பிழை என்று கத்தும். ஆனால் ஒன்றில் ‘வீக்’ என்று குறித்திருந்தால் கத்தாது. வீக்கைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, மற்றதை, அதாவது ‘ஸ்ட்ராங்’ ஆனதை, எடுத்துக்கொள்ளும். லிஃப்ட் வந்து நின்றதா என்று பார்த்து, ‘சரி’ சொல்லிக் கதவைத் திறக்கவிடும் செக்கை, அதாவது சோதனையை, அக்கா வீக்காகத்தான் எழுதியிருந்தார். வேறு மாதிரிக் கதவுக்கு வேறொருவர் எழுதினால் வழிவிடட்டுமே என்று. வீட்டிலும் அவர் அப்படித்தான். நாத்தனார் வந்தால் தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலில் படுப்பார்.

கெடுத்தவன் நான். கண்காட்சியில் வெறும் கதவைத் திறந்து மூடிக் காட்ட வேண்டியிருந்தது. அதே பேரில், எதையும் பார்க்காமல் ‘சரி’ என்று சொல்லும் மூன்று வரி எழுதினேன், வீக் என்று குறிக்காமல். எடுக்க மறந்து தொலைத்தேன். அது அப்படியே வாடிக்கையாளரிடம் போய்விட்டது. லிஃப்ட் இல்லாத மாடியில் கதவு திறந்து, ஒரு மெக்கானிக் விழுந்து இடுப்பு முறிந்தது.

விசாரணையில் மேனேஜர் எடுத்தவுடன் அக்காவைத்தான் கேட்டார். பதினோரு வருட வேலை போகுமா நிற்குமா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

“என்னோடது ஓடவே இல்ல சார்,” என்று லிங்கர் தந்த பட்டியலை அக்கா நீட்டினார். “இந்தப் பேரை வேற ஃபைல்லேருந்து எடுத்திருக்கு, பாருங்க.”

அது என் ஃபைல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பாழாய்ப்போன வாய் திறந்தது.

“அக்கா வீக்னு போட்டிருந்தாங்க சார். அதனாலதான்...”

பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தாலாவது மாட்டியிருப்பேன்.

“என்னம்மா இது? பாதுகாப்பு செக்கைப் போயா வீக்கா எழுதுவீங்க?”

“வீக்னா பலவீனம்னு அர்த்தம் இல்ல சார், அது...”

“எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா!”

தெரிந்து கிழித்தார். அந்த ஒரு வார்த்தைதான் அறிக்கையிலும் ஏறியது. நான் விளக்கியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டால், பயம், வேறென்ன.

வெள்ளிக்கிழமை அக்கா மேசையைக் காலி செய்தார். போகும்போது என் பக்கம் நின்று, “நீ ஸ்ட்ராங்கா இருந்துக்கோப்பா,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது தகராறு என்றால் என்னிடம் வருகிறார்கள். நேற்று புதிதாகச் சேர்ந்த பெண் வாசலில் நின்று, “இங்க லிங்கர் அண்ணா யாருங்க?” என்று கேட்டாள். ஆறு பேரும் என்னைக் கைகாட்டினார்கள். லிங்கர் மாதிரியே, யாரும் கத்தவில்லை.