சுருக்கம் விழாத குழாய்

என் நாத்தனாரிடம் அளவு கொடுக்கப் போகிறவர்கள் அதற்கு முந்தைய வேளை சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வது நல்லது. தையல் கடையில் டேப்பை நம் இடுப்பில் சுற்றியதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "மூச்ச இழுத்துப் பிடிங்க." இழுத்துப் பிடித்த அந்த அளவில்தான் தைப்பார். இழுத்த மூச்சைத் திரும்ப விடச் சொல்லி அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

அவர் தைத்ததில் ஒரு சுருக்கம் விழாது. கண்ணாடி முன்னால் நின்றால் நமக்கே நம்மீது மரியாதை வரும். அலமாரி மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கினால்தான் அக்குள் தையல் பிரியும். போய்ச் சொன்னால், நிற்கும்போது சரியாக இருக்கிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்பார். இருக்கிறதே, என்ன சொல்ல? அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. பத்தொன்பது வருடமாக மனைவி தைத்த பேண்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, அதை மறைக்க மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறார். மாணவர்கள் அதை வருகைப் பதிவேடு என்று நினைக்கிறார்கள்.

அந்த வீட்டில் இரண்டு கார்கள். பள்ளிக்கூடக் கார் நாற்பதைத் தாண்டாது, அண்ணனும் தாண்டமாட்டார். இன்னொன்று நாத்தனாருடைய டர்போ கார், பதினாறு வயதுக் கிழம். டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு விசிறி, அவ்வளவுதான். அழுத்தினால் காற்று சூடாகிவிடும். அதனால் முன்பக்கம் இருக்கும் இன்டர்கூலர் என்ற தட்டையான பெட்டிக்குள் அனுப்பி ஆறவைத்து, பிறகு எஞ்சினுக்குக் கொடுக்கவேண்டும். போவதற்கு ஒரு குழாய், வருவதற்கு ஒரு குழாய். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்தக் காரைப் பற்றிக் கேட்காமல் அவர் கடையில் ஒரு பொத்தான்கூட வாங்கிவர முடியாது.

அந்தக் காரில் பழைய ரப்பர் குழாய்கள். எண்ணெய் ஊறி, தொட்டால் அமுங்கின. மேட்டில் ஏறினால் ஊதிப் பெருத்து, வெடிப்பு வழியாகக் காற்றை விட்டுவிடும். கார் இருமும். இருமிக்கொண்டே ஊர் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை போகும்போது பின்னால் வரும் மினி லாரிகள்கூட ஹாரன் அடித்தன. ஓட்டுநர் பள்ளிக்காரர் வீட்டுக் கார் நடுரோட்டில் இருமினால் மானம் என்னாவது என்று அண்ணன் யோசித்தார். காரை விற்றுவிட முடிவுசெய்து, வாங்குவதற்கு ஓர் ஆளையும் பிடித்துவிட்டார். ஏழாவது தடவையில் லைசென்ஸ் வாங்கிய அவருடைய பழைய மாணவர், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

நாத்தனார் அழவில்லை, சண்டை போடவில்லை. சனிக்கிழமைக்குள் குழாயை மாற்றிவிடுவதாகவும், வீட்டாள் மூன்று பேருடன் மூன்றாவது கியரில் தொட்டி வரை ஒரே மூச்சில் ஏறினால் கார் இருக்கும், நின்றால் ஞாயிற்றுக்கிழமை தானே சாவியைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். பத்தொன்பது வருடம் மிஷின் மிதித்த கால் அவருடையது. அந்தக் காலுக்கு வேறொரு மிதி கிடைத்தது அந்தக் காரில்தான். எனக்குப் பாவமாக இருந்தது. அதனால்தான் மூன்றாவது ஆளாக வருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

குழாய் வாங்க வெல்டிங் கடைக்குப் போனோம். வெல்டிங்காரருக்கு எல்லாம் பெரிதாக இருக்கவேண்டும். மூன்று அங்குலக் குழாயை எடுத்துக் காட்டி, இதுதான் பந்தயக்காரர்கள் போடுவது என்றார். நாத்தனார் அதற்குள் கையைவிட்டுப் பார்த்துவிட்டு, அப்பா சட்டையைப் பிள்ளைக்குப் போட்டமாதிரி இருக்கிறது என்றார். இந்தச் சின்ன டர்போ முதலில் இவ்வளவு பெரிய குழாயை நிரப்பி, அதற்குப் பிறகல்லவா எஞ்சினுக்குக் கொடுக்கும்? மிதித்துவிட்டு, கார் பாய்வதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம். இரண்டரை அங்குல அலுமினியம்தான் என்று முடித்தார். நுனிகளில் சுற்றிலும் சின்ன மேடு எழுப்பித் தரச் சொன்னார். அதன் மேல் மாட்டும், ரப்பர் போல வளைகிற சிலிக்கான் குழாய் வழுக்காமல் இருக்க அந்த மேடுதான் பிடிமானம். வெல்டிங்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். அதுவரை எல்லாம் சரி.

வளைவுகளுக்கு அவர் அளவெடுத்த அழகைச் சொல்லவேண்டும். கெட்டித் துணியில் குழாய் மாதிரி தைத்து, பஞ்சடைத்து, பம்பருக்குப் பின்னால் வளைத்துப் பார்த்து, குண்டூசி குத்தி, சாக்பீஸில் கோடு போட்டார். அந்தப் பஞ்சுக் குழாயை மடியில் வைத்துக்கொண்டுதான் வெல்டிங்காரர் அலுமினியத்தை வெட்டி ஒட்டினார். எஞ்சின் பக்கத்து இணைப்புக்கு ஒரு சாண் சிலிக்கான் குழாய் கொடுத்து, அப்படியே முழுசாக மாட்டச் சொன்னார். நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. தொளதொளவென்று ஒன்று தன் கையிலிருந்து வெளியே போவதா? நான்கு விரல் அகலத்துக்கு வெட்டினார். இரண்டு அலுமினிய நுனிகளும் உள்ளே முத்தமிடுகிற அளவுக்கு ஒட்டிவைத்து, மேலே இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளையத்தை முறுக்கினார். மிச்சத்தைத் தையல் பெட்டியில் போட்டுக்கொண்டார். மிச்சத் துணியைத் தூக்கி எறிகிற பழக்கம் அவருக்கு இல்லை.

முடித்துப் பார்த்தால் கண்ணைப் பறித்தது. இஸ்திரி போட்ட மாதிரி ஒரு குழாய். அண்ணன்கூட ஒரு நிமிடம் மடி நோட்டை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். நாத்தனார் ஓட்ட, அண்ணன் பக்கத்தில், நான் தையல் பெட்டியுடன் பின்னால். முதல் வளைவில் கார் பாய்ந்தது. இரண்டாவது வளைவில் நான் கைப்பிடியைத் தேடினேன். நாத்தனார் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதைப் பார்க்கவே எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்சீட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். மூன்றாவது வளைவில் 'பட்' என்று ஒரு சத்தம். அதோடு கார் சோர்ந்து, கறுப்பாகப் புகைவிட்டு ஓரமாக நின்றது.

எஞ்சின் பக்கத்துக் குழாய் கழன்று கிடந்தது. அது ஆறின காற்று வருகிற குழாய் என்பதால் கை சுடவில்லை. திரும்ப மாட்டி, கிளாம்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். அண்ணனை ஓட்டுநர் இருக்கைக்கு மாறி ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது, குழாய் நுனி சிலிக்கானை விட்டு நழுவியது. மறுபடி மாட்டினார். மறுபடி நழுவியது. நின்றால் கச்சிதம், மிதித்தால் அவிழ்கிறது.

நாத்தனார் பேனட்டைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த மனிதர் ஒன்றும் செய்யவேண்டாம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், கார் நாளைக்குப் போய்விடும். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். மடியிலிருந்து நோட்டை எடுத்தார்.

"இங்க பாரு," என்றார். "என் பேண்டும் அப்படித்தான். நிக்கும்போது ரொம்ப நல்லா இருக்கு."

நாத்தனார் ஜன்னலருகே வந்து குனிந்து பார்த்தார். திறந்து கிடந்த பொத்தானையும், அதன் கீழே பத்தொன்பது வருடமாகப் பதிந்த சிவந்த கோட்டையும் பார்த்தார். நிமிர்ந்து எஞ்சினைப் பார்த்தார். அந்தத் தெருவோரத்தில் அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுகிற மாதிரி சமாளித்தேன்.

"பெட்டியக் குடு," என்று என்னிடம் கையை நீட்டினார்.

நான்கு விரல் துண்டைக் கழற்றி எறிந்தார். மிச்சத்தில் இருந்த நீளமான துண்டை எடுத்தார். இன்டர்கூலர் பக்கம் குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இந்தப் பக்கம் இரண்டு நுனிகளுக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு, இரண்டையும் மேட்டைத் தாண்டி ஆழமாகச் சிலிக்கானுக்குள் செருகினார். எட்டிப் பிடிக்கச் சொன்னதால் நானும் கையை நீட்டினேன். என் அக்குள் பிரிந்தது. அந்தச் சத்தம் மூவருக்கும் கேட்டது. அண்ணன் மிதித்தார். எஞ்சின் சாய்ந்தது, சிலிக்கான் கூடவே வளைந்து கொடுத்தது, குழாய் அங்கேயே இருந்தது.

ஆனால் ஒரே மூச்சில் ஏறினால்தானே கணக்கு? நடுவில் நின்றாயிற்றே. நாத்தனார் மறுபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறி வண்டியைத் திருப்பினார். அடிவாரம் வரை இறங்கி, முதலிலிருந்து ஏறினார். மூன்றாவது கியர் மாறவே இல்லை. ஒரு மினி லாரியை நாங்களே தாண்டிப் போனோம். ஹாரன் அடித்தது அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்தபடி எட்டி அமுக்கினார்.

தொட்டிக்குக் கீழே நின்றதும் அண்ணன் போனை எடுத்து அந்த ஏழாம் தடவை மாணவரைக் கூப்பிட்டார். நாளைக்கு வரவேண்டாம், வண்டி குடும்பத்துக்கே வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தார். நாத்தனார் நன்றி சொல்கிற ரகம் இல்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து, அண்ணன் பக்கத்துக் கதவைத் திறந்தார். அண்ணன் பழக்கதோஷத்தில் இறங்கி நிற்கப் போனார், மூச்சையும் இழுத்துக்கொண்டார்.

நாத்தனார் தோளைப் பிடித்து அவரை அழுத்தினார். "எறங்க வேணாம். உக்காருங்க."

உட்கார்ந்தார். இடுப்பில் டேப் சுற்றியது. நாத்தனார் எண்ணைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மூச்ச விடுங்க," என்றார்.