வழிவிட்ட ராஜா

சன்னிவேலில் எல் கமினோ சாலையோரம் ஒரு ஓட்டலில் பதினான்கு மாதம் சாம்பார் வைத்தேன். அதற்கு முன் டெக்சாஸ், அதற்கும் முன் நியூ ஜெர்சி. எங்கேயும் அவ்வளவு நாள் நின்றதில்லை. தோசை மாஸ்டரும் நானும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். இருவர் விசாவும் முதலாளி கையில். வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அரிசியும் உளுந்தும் ஊறப்போடும்போது மாஸ்டர் யாரையும் பக்கத்தில் விடமாட்டார். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்ற அளவு அவரிடம் மட்டும் இருக்கும்வரை முதலாளியால் அவரை அனுப்ப முடியாது. ஒருமுறை காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தபோது, வேறு வழியில்லாமல் அளவை என்னிடம் சொல்லி ஊறப்போட அனுப்பினார்.

முதலாளிக்கு அது தெரிந்துவிட்டது. மாஸ்டர் வாரம் ஒருநாள் லீவு கேட்டு முறைத்துக்கொண்ட சமயம், முதலாளி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

"தம்பி, உனக்கு இந்த வருஷமே கிரீன் கார்டு அப்ளை பண்ணிடலாம். அவன் அளவை மட்டும் சொல்லு. சும்மா ஒரு பேக்கப்புக்குத்தான்."

சொன்னேன்.

பத்தாம் நாள் புது மாஸ்டர் வந்தார். பழையவர் பெட்டி கட்டினார்.

"நீதானே சொன்ன?"

"ஆமாண்ணே."

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்ணே. ஏர்போர்ட்டுக்கு நான் டிரைவ் பண்ணட்டுமா?"

"வேணாம்டா. நீ போய் சாம்பாருக்குத் தாளி."

பாத்திரம் கழுவும் சீனர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் பின்வாசலில் சிகரெட் பிடித்தபடி, ஓட்டை இங்கிலீஷில் ஒரு கதை சொன்னார். அவர் ஊரில் அது பள்ளிக்கூடப் பாடமாம். எட்டாவதோடு நின்ற எனக்கும் புரிந்தது.

சீனாவில் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன நாடுகள். ஒரு ராஜாவுக்கு இன்னொரு ராஜாதான் துணை. பெரிய நாட்டு அரசன் அதில் ஒருவனுக்கு நல்ல குதிரைகளும் பச்சைக்கல்லும் அனுப்பி, அடுத்த நாட்டை அடிக்கப் போக வழி மட்டும் கேட்டான். மந்திரி வேண்டாம் என்றார். ராஜாவுக்குக் குதிரைகள் பிடித்துப்போயின. வழி விட்டான். பக்கத்து நாடு அழிந்தது.

அந்த ராஜா என்ன ஆனான் என்று கேட்டேன். படை திரும்பும்போது அதே வழியாக வந்து அவனையும் பிடித்துக்கொண்டு போனது என்றார். சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை புது மாஸ்டர் என் அடுப்பருகே வந்து நின்றார்.

"சாம்பார் பொடிக்கு என்னென்ன வறுக்குறீங்கண்ணே? சார் கத்துக்கச் சொன்னாரு."

கடலைப்பருப்பில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அளவோடு சொன்னேன். என் கிரீன் கார்டு பேப்பரில் முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.